மெத்திலின் ப்ளூ: வீட்டு மீன் தொட்டியில் தப்பில்லாமல் பயன்படுத்த ஒரு முழு வழிகாட்டி

கொளத்தூர் பக்கம் மீன் வாங்கப் போனால் பல கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே மெத்திலின் ப்ளூ என்ற நீலச் சாய மருந்து சின்னச் சின்னப் புட்டிகளில் இருக்கும். மீன் உடம்பில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று சொன்னதும் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "ஒரு மூடி ஊத்துங்க, சரியாயிடும்" என்பார்கள். எத்தனை லிட்டர் தொட்டி, என்ன மீன், எந்த ஃபில்டர் என்று கேட்பவர்கள் குறைவு.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு பையன் இரண்டடித் தொட்டியில் ஆறு கோல்டு ஃபிஷ் வளர்த்தான். ஒன்றின் வாலில் பஞ்சு போல் ஏதோ ஒட்டியிருந்தது. கடையில் சொன்னபடி ஒரு மூடி ஊற்றினான். மறுநாள் வந்து, "அண்ணா, நேத்து ஊத்தின மருந்து தீந்துபோச்சு போல, கலரே இல்ல. இன்னொரு மூடி ஊத்திட்டேன்" என்றான். அவனுடைய டாப் ஃபில்டரில் இருந்த கார்பன் சாயத்தை உறிஞ்சியிருந்தது. கார்பன் நிறைந்ததும் நிறம் நின்றது. கூடவே ஃபில்டரில் இருந்த நல்ல பேக்டீரியாவும் அடிபட்டது. ஐந்தாம் நாள் ஆறு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பாதித் தண்ணீரை உடனே மாற்றியதில் மூன்று பிழைத்தன.

அவனுக்கு மருந்து கெட்ட மருந்து என்று தோன்றிவிட்டது. அப்படியில்லை. மெத்திலின் ப்ளூ மீனுக்கு ஓரளவு மென்மையான மருந்துதான். ஆனால் அதை எந்தத் தண்ணீரில், எவ்வளவு, எந்த வரிசையில் சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் மீனைப் பாருங்கள், புட்டியை அப்புறம் திறக்கலாம்

இந்த மருந்து நன்றாக வேலை செய்யும் இடங்கள் இரண்டு. ஒன்று, மீனின் உடம்பில், துடுப்பில், பழைய காயத்தில் வளரும் பூஞ்சை. இரண்டு, முட்டைகளில் பூஞ்சை பிடிக்காமல் தடுப்பது. நைட்ரைட் ஏறி மீன் மூச்சுத் திணறும்போதும் இது உதவும். நைட்ரைட் மீனின் ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க முடியாத நிலைக்கு மாற்றிவிடும், செவுள் பழுப்பு நிறமாகும். மெத்திலின் ப்ளூ அந்த மாற்றத்தைத் திருப்ப உதவுகிறது. ஆனால் அங்கேயும் முதல் வேலை தண்ணீர் மாற்றுவதுதான்.

வெள்ளைப்புள்ளி நோய்க்கும் இதைச் சொல்வார்கள். உப்பைத் தூவியது போல் தனித்தனிப் புள்ளிகள் இருந்தால் அது வெள்ளைப்புள்ளி. என் அனுபவத்தில் இதற்கு மெத்திலின் ப்ளூ இரண்டாம்பட்சம்தான். அந்தப் புள்ளிகளை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்வரை எந்தச் சாயமும் அதைத் தொடாது. தண்ணீரில் நீந்தும் குறுகிய பருவத்தில்தான் சாகும். ஆகவே ஒரே நாளில் புள்ளி மறையவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள்.

நம் ஊர் வெயிலில் அதிகம் ஏமாற்றுவது இன்னொன்று: பூஞ்சை போலவே தெரியும் பேக்டீரியா நோய், காலம்னாரிஸ். பூஞ்சை என்றால் பஞ்சை ஒட்டவைத்தது போல் நூல் நூலாக நிற்கும், தண்ணீர் அசைந்தால் அதுவும் அசையும். காலம்னாரிஸ் தட்டையாக, சாம்பலும் மஞ்சளும் கலந்த வெள்ளையாகப் படரும். வாயைச் சுற்றியோ, முதுகில் சேணம் போட்டது போலவோ வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றிரண்டு நாளில் மீனை முடித்துவிடும். இதற்கு மெத்திலின் ப்ளூவை நம்பி உட்கார்ந்திருந்தால் நேரம்தான் போகும். டார்ச் அடித்து, மீன் பக்கவாட்டில் திரும்பும்போது அந்த வெள்ளையின் ஓரத்தைப் பாருங்கள். நூல் தெரிகிறதா, படலமா? இந்த ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

2. புட்டியில் என்ன எழுதியிருக்கிறது?

கடையில் நீலமாக, பச்சை கலந்த நீலமாகக் கிடைப்பதெல்லாம் மெத்திலின் ப்ளூ அல்ல. மாலகைட் க்ரீன் என்ற இன்னொரு சாயமும் அதே மாதிரிப் புட்டியில் வரும். சில கலவைகளில் அதோடு ஃபார்மலினும் சேர்ந்திருக்கும். மாலகைட் க்ரீனுக்கான அளவு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். மெத்திலின் ப்ளூ கணக்கில் அதை ஊற்றினால் மீன் பிழைக்காது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லேபிளில் பெயர் இல்லாத புட்டியை வாங்கவே வேண்டாம்.

அடுத்தது வீரியம். 1 சதவீதக் கரைசல் என்றால் 1 மி.லி.யில் 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்று பொருள். 2.3 சதவீதம் என்றால் அதே 1 மி.லி.யில் 23 மில்லிகிராம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி மை போலத்தான் இருக்கும். "ஒரு மூடி", "பத்து சொட்டு" என்ற பேச்சு எல்லாம் இங்கேதான் உதைக்கிறது. உங்கள் புட்டியில் சதவீதம் போடவில்லை, லிட்டருக்கு இத்தனை சொட்டு என்று மட்டும் இருந்தால் அந்த லேபிளின்படியே போங்கள். கீழே நான் தரும் மி.லி. கணக்கை அந்தப் புட்டிக்குப் பொருத்தாதீர்கள்.

தூளாக வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. துணிச் சாயத்துக்காக வரும் மெத்திலின் ப்ளூவில் துத்தநாகம் சேர்ந்திருக்கலாம். துத்தநாகம் மீனுக்கு ஆகாது. மருந்துத் தரம், துத்தநாகம் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். 1 கிராம் தூளை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். 1 கிராமை நம்பகமாக நிறுக்கத் தராசு இல்லையென்றால் தூளை விட்டுவிட்டுக் கரைசலாகவே வாங்குவது மேல்.

3. தொடங்கும் முன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை

தனியாக ஒரு தொட்டி அல்லது பிளாஸ்டிக் டப், 25 லிட்டர் பிடிக்கும் அளவில். சோப்புத் தண்ணீர் படாததாக இருக்க வேண்டும். துணி துவைக்கும் வாளி வேண்டவே வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் சோப்பு போகாது.

ஏர் பம்ப்பும் ஏர் ஸ்டோனும். மருந்துக் கடையில் கிடைக்கும் 5 மி.லி. சிரிஞ்சு, ஊசி வேண்டாம். ஒரு பழைய மக். கையுறை. தனி வலை. தண்ணீர் இழுக்க ஒரு மெல்லிய டியூப். பழைய செய்தித்தாள். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் போக்கும் மருந்து. சிகிச்சை முடிந்ததும் தேவைப்படும் ஆக்டிவேட்டட் கார்பன். இதை இப்போதே வாங்கி வையுங்கள், ஏதாவது கோளாறு என்றால் உடனே வேண்டியிருக்கும்.

மூடியில் அளக்காதீர்கள் என்பதற்காகத்தான் சிரிஞ்சு. சொட்டை நம்பினாலும் சிக்கல்தான். ஏறக்குறைய 20 சொட்டு 1 மி.லி. என்பார்கள், புட்டியின் வாய் பெரிதானால் சொட்டும் பெரிதாகிவிடும்.

கையுறை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். விரலில் பட்டால் இரண்டு மூன்று நாள் நீலம் போகாது, அது பெரிய தீங்கில்லை. ஆனால் இது உடம்புக்குள் போனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும், ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கும் ஆபத்தாகலாம். தூளைக் கரைக்கும்போது மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். புட்டி குழந்தைகளுக்கு எட்டாத அலமாரியில்தான் இருக்க வேண்டும்.

4. சிகிச்சைத் தொட்டியைத் தயார் செய்வது

மருந்து பெரிய தொட்டிக்குள் போகக் கூடாது. இந்த வழிகாட்டியில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். காரணங்கள் பல. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பேக்டீரியா ஃபில்டரிலும் மணலிலும் குடியிருக்கிறது. மெத்திலின் ப்ளூ அதைக் கெடுக்கும். அது மறுபடி வளர வாரக்கணக்கில் ஆகும். செடிகள் வாடும். நத்தை, இறால் தாங்காது. கண்ணாடியை ஒட்டும் சிலிக்கான் நிரந்தரமாக நீலமாகும். மணலும் கட்டையும் சாயத்தைக் குடித்துவிடுவதால், தண்ணீரில் உண்மையில் எவ்வளவு மருந்து மிச்சம் என்றே தெரியாமல் போகும்.

டப்பில் தண்ணீர் அளக்க எளிய வழி, வீட்டுக்கு வரும் 20 லிட்டர் குடிநீர் கேன். காலி கேனைக் கழுவி, தொட்டித் தண்ணீரும் புதுத் தண்ணீரும் பாதிப் பாதியாக அதில் நிரப்பி, டப்பில் ஊற்றுங்கள். தொட்டித் தண்ணீர் கலப்பதால் கடினத்தன்மையும் வெப்பமும் மீனுக்குப் பழகியதாக இருக்கும். ஆனால் நோய்க்குக் காரணமே தொட்டித் தண்ணீர் கெட்டதுதான் என்றால், முழுவதும் புதுத் தண்ணீராக, அதே வெப்பத்தில் எடுங்கள். கேனுக்குள் வரும் குடிநீரை அப்படியே ஊற்ற வேண்டாம். அதில் தாது உப்பு மிகக் குறைவு.

டப்பின் வெளியே, தண்ணீர் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பிறகு 5 லிட்டர் எடுத்துவிட்டு, இறங்கிய மட்டத்தில் இன்னொரு கோடு. எடுத்த தண்ணீரைத் திரும்ப ஊற்றிவிடுங்கள். இந்த இரண்டு கோடுகள் அடுத்த ஐந்து நாட்களும் உங்களுக்காகக் கணக்குப் போடும்.

குளோரின் இருந்தால் இப்போதே போக்கிவிடுங்கள். குளோரின் மீனின் செவுளை எரிக்கும், சாயத்தையும் வெளுக்கும். ஏர் ஸ்டோனை ஓடவிடுங்கள். மணல், செடி, ஸ்பாஞ்ச் ஃபில்டர் எதுவும் உள்ளே வேண்டாம். மீன் ஒளிய ஒரு சின்ன மண்சட்டி ஓடு போதும். சென்னை, மதுரை, திருச்சியில் ஹீட்டர் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானலில் கட்டாயம் வேண்டும்.

5. கணக்கு

நீண்ட நேரக் குளியலுக்கு லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. நான் 2 மில்லிகிராமில் நிற்பேன். சின்னக் குஞ்சு, இளைத்துப்போன மீன், செதில் இல்லாத மீன் என்றால் 1 மில்லிகிராமில் தொடங்குவேன்.

20 லிட்டர் தண்ணீருக்கு லிட்டருக்கு 2 வீதம் 40 மில்லிகிராம். 1 சதவீதக் கரைசலில் 1 மி.லி.க்கு 10 மில்லிகிராம். ஆக, 4 மி.லி. இதையே 2.3 சதவீதக் கரைசலில் எடுத்தால் ஏறக்குறைய 1.7 மி.லி. போதும். ஒரு தாளில் எழுதி டப்பின் மேல் ஒட்டிவையுங்கள். நள்ளிரவில் மீனைப் பார்த்துப் பதற்றப்படும்போது மனக்கணக்கு வராது.

டப்பில்லாமல் கண்ணாடித் தொட்டியையே சிகிச்சைக்கு வைத்திருப்பவர்கள் தொட்டியின் அளவை அப்படியே எடுக்காதீர்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் விளிம்புவரை 56 லிட்டர் சொச்சம். நாம் பத்து அங்குலம்தான் நிரப்புவோம், அது 47 லிட்டர். மூடியால் அளக்கும் தவறைவிட இந்த 9 லிட்டர் தவறு சின்னது, ஆனாலும் தேவையில்லாத தவறு.

நிறத்தைப் பார்த்து அளவைத் தீர்மானிக்கலாமே என்று கேட்பார்கள். முடியாது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் கலந்த தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் வானம் போல் நீலமாக, பின்னால் இருக்கும் விரல் தெரியும். அதே தண்ணீர் டப்பில் ஓரடி ஆழத்தில் மை கொட்டியது போல் கருநீலமாக இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் அதைப் பார்த்துப் பயந்து பாதியைக் கொட்டிவிடுகிறார்கள். டம்ளரில் பார்த்துப் பழகியவர்கள் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார்கள். சிரிஞ்சில் எடுத்த அளவை நம்புங்கள்.

6. மீனை முதலில் விடுங்கள், மருந்தை அப்புறம் ஊற்றுங்கள்

பலர் நீலத் தண்ணீரைத் தயார் செய்துவிட்டு மீனை அதில் விடுகிறார்கள். நான் தெளிந்த தண்ணீரில் விட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பேன். பிடித்த அதிர்ச்சி அடங்கும். அதைவிட முக்கியம், இந்த நேரத்தில்தான் அதன் மூச்சை எண்ண முடியும். கைபேசியில் 15 நொடி வைத்து, செவுள் மூடி எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கோல்டு ஃபிஷை இப்படி உட்கார்ந்து எண்ணியபோது ஒரு பக்கச் செவுள் மட்டும் அசையாமல் ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்தேன். வாலில் இருந்த பஞ்சைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

பிறகு மருந்து. 4 மி.லி.யை நேரடியாக மீன் மேல் பீய்ச்சாதீர்கள். டப்பிலிருந்தே ஒரு மக் தண்ணீர் எடுத்து, பாதி அளவை, அதாவது 2 மி.லி.யை அதில் கலக்கி, ஏர் ஸ்டோன் குமிழி விடும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். குமிழி அதைப் பரப்பிவிடும். ஒரு மணி நேரம் பாருங்கள். மூச்சு வேகம் முன்பு எழுதியதற்குப் பக்கத்தில் இருந்தால் மீதி 2 மி.லி.யையும் அதே போல் ஊற்றுங்கள்.

மீன் புரண்டு விழுந்தாலோ, தாறுமாறாக முட்டி மோதினாலோ, மூச்சு வேகம் ஏறிக்கொண்டே போனாலோ யோசிக்காமல் அதே வெப்பமுள்ள சுத்தமான தண்ணீருக்கு மாற்றுங்கள். இரண்டு தவணையாக ஊற்றச் சொல்வது இதற்குத்தான். முழு அளவையும் ஊற்றிவிட்டால் பின்வாங்க இடமிருக்காது.

சிலர் அடர்த்தியான கரைசலில் மீனைச் சில நொடிகள் முக்கி எடுப்பார்கள். கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்கிறார்கள். நொடிக்கணக்கு தவறினால் மீன் போய்விடும், முதல் முறை செய்பவர்களுக்கு அதை நான் சொல்லித் தருவதில்லை.

டப்பைச் செய்தித்தாளால் மூடுங்கள். வெளிச்சம் இந்தச் சாயத்தைச் சிதைக்கும். இருட்டு மீனுக்கும் அமைதி தரும். காற்று போக ஓரம் திறந்திருக்கட்டும்.

7. அடுத்த ஐந்து நாட்கள்

டப்பில் ஃபில்டர் இல்லை. மீன் போடும் கழிவு அம்மோனியாவாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். டெஸ்ட் கிட் வைத்துப் பார்க்கலாம் என்றால் அதுவும் இங்கே கைகொடுக்காது, ஏனென்றால் அந்த கிட்டுகள் நிறத்தை வைத்து விடை சொல்பவை. நீலத் தண்ணீரில் மஞ்சள் எது, பச்சை எது? ஆகவே சோதித்துப் பார்க்காமலே, தினமும் ஒரே நேரத்தில் தண்ணீரை மாற்றிவிட வேண்டும்.

டியூபால் அடியில் கிடக்கும் கழிவோடு சேர்த்து 5 லிட்டர் இழுங்கள், கீழ்க் கோடுவரை. குளோரின் போக்கிய, அதே வெப்பமுள்ள 5 லிட்டரை மேல் கோடுவரை நிரப்புங்கள். இப்போது மருந்து எவ்வளவு? மாற்றிய 5 லிட்டருக்கு மட்டும்தான்: 10 மில்லிகிராம், அதாவது 1 சதவீதக் கரைசலில் 1 மி.லி.

நான் பார்த்ததில் அதிகப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். தினமும் முழு 4 மி.லி.யை ஊற்றுகிறார்கள். முதல் நாள் 40 மில்லிகிராம். இரண்டாம் நாள் கால்பங்கு எடுத்த பிறகு 30 மிச்சம், அதோடு 40 சேர்ந்தால் 70. மூன்றாம் நாள் 92. நான்காம் நாள் 109, அதாவது லிட்டருக்கு ஐந்தரை மில்லிகிராம் தாண்டப் பார்க்கிறது. மீன் நான்காம் நாள் தளர்ந்தால் "நோய் முற்றிவிட்டது" என்கிறார்கள், ஐந்தாம் நாளும் ஊற்றுகிறார்கள்.

உணவை அரைப்பங்குக்கும் கீழே குறையுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால்கூடப் போதும். பத்து நிமிடத்தில் தின்னாததை வெளியே எடுத்துவிடுங்கள். மிச்ச உணவு அம்மோனியாவாகும், சாயத்தையும் உறிஞ்சும்.

ஏர் பம்ப் நிற்கவே கூடாது. மே மாதத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும்போது அதில் கரையும் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. மின்வெட்டு அதிகமுள்ள ஊர் என்றால் பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் மக்கால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான், நான் ஒரு ராத்திரி முழுக்க அப்படிச் செய்திருக்கிறேன்.

கோல்டு ஃபிஷ், மோலி, கப்பி போன்றவைக்கு லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பும் சேர்க்கலாம். மற்றபடி வேறு எந்த மருந்தையும் கூடக் கலக்காதீர்கள். இரண்டு மருந்து சேர்ந்து மீன் செத்தால் எது கொன்றது என்றுகூடத் தெரியாது.

நிறம் ஒரே நாளில் வெளிறிப்போனால் இன்னும் ஊற்றச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெயில் படுகிறதா, அடியில் கழிவு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தச் சாயம் அழுக்குத் தண்ணீரில் நிறமில்லாத வடிவத்துக்கு மாறவும் செய்யும். நிறம் போனது என்பதால் மருந்து முழுவதும் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

8. அந்த நேரத்தில் பெரிய தொட்டிக்கு என்ன?

பூஞ்சை நல்ல தோலில் சும்மா வந்து உட்காராது. காயம், கடி, கெட்ட தண்ணீர், நெரிசல், இதில் ஏதாவது ஒன்று முன்னால் நடந்திருக்கும். கூர்மையான கல் இருக்கிறதா, எந்த மீன் துரத்துகிறது, அம்மோனியா எவ்வளவு என்று இந்த ஐந்து நாளில் கண்டுபிடியுங்கள். கால்பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள்.

வெள்ளைப்புள்ளி என்றால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, பெரிய தொட்டியை இரண்டு வாரம் மீனில்லாமல் விட வேண்டும். மீன் கிடைக்காத ஒட்டுண்ணி தானே செத்துவிடும். அப்போது ஃபில்டர் பேக்டீரியா பட்டினி கிடக்காமலிருக்க நாளுக்கொரு சிட்டிகை மீன் உணவு போட்டுவாருங்கள்.

9. முட்டைகளுக்கு

இந்த மருந்தின் முழு அருமையும் தெரிவது இங்கேதான். ஏஞ்சல் மீன் ஓடு ஒன்றில் வரிசை வரிசையாக முட்டையிட்டிருக்கும். கருவுறாத முட்டை மறுநாளே பாலாக வெளுத்துவிடும். அதில் பூஞ்சை பிடித்து, நூல் விட்டு, பக்கத்தில் இருக்கும் நல்ல முட்டையையும் வளைத்துவிடும்.

முட்டை இருக்கும் ஓட்டுத்துண்டைத் தண்ணீரோடு ஒரு மக்கில் எடுத்து, பெற்றோர் இருந்த அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள். மருந்து லிட்டருக்கு 1 மில்லிகிராம், மிஞ்சிப்போனால் 2. ஏர் ஸ்டோனை முட்டைக்கு ஓரிரு அங்குலம் தள்ளி வையுங்கள். தாய் மீன் துடுப்பால் விசிறுவதைத்தான் நாம் குமிழியால் செய்கிறோம். குமிழி நேராக மோதினால் முட்டை கழன்றுவிடும்.

வெளுத்த முட்டைகளைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். சாயத்தில் எல்லா முட்டையும் லேசாக நீலம் ஏறும், ஆனாலும் வித்தியாசம் தெரியும். கருவுற்றது ஒளியை உள்ளே விடும், இறந்தது அடர் நீலமாக மங்கி நிற்கும். இரண்டாம் நாள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் நல்ல முட்டைக்குள் கரும்புள்ளி ஒன்றும் அதைச் சுற்றி ஒரு சின்ன வளைவும் தெரியும்.

28 டிகிரியில் இரண்டு, இரண்டரை நாளில் பொரிந்து வால் ஆட்டத் தொடங்கும். அந்தக் கணம் முதல் மருந்து சேர்ப்பதை நிறுத்திவிட வேண்டும். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தால், பொரிந்த ஐந்தாம் நாள் வாக்கில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்போது தண்ணீர் ஏறக்குறைய தெளிந்திருக்கும். நீந்தும் குஞ்சின் செவுள் மெல்லியது. அதற்குப் போடும் உயிருள்ள ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலுக்கும் இந்தச் சாயம் ஒத்துக்கொள்ளாது. "பூஞ்சை வந்துவிடுமோ" என்று குஞ்சு நீந்திய பிறகும் நீலத்திலேயே வைத்திருப்பது கடைசி நேரத்தில் செய்யும் தவறு.

10. நிறுத்துவதும் திருப்பி விடுவதும்

பூஞ்சை என்றால் இரண்டு மூன்று நாளில் பஞ்சு உதிரத் தொடங்கும். ஐந்தாம் நாள் பஞ்சு இல்லாமல், காயத்தின் ஓரம் சுத்தமாக இருந்தால் போதும். அரிக்கப்பட்ட துடுப்பு வளர வாரங்கள் ஆகும், அதற்குச் சாயம் தேவையில்லை. மூன்று நாளாகியும் துளி முன்னேற்றம் இல்லை, வெள்ளை படர்கிறது என்றால் நோயைத் தவறாகப் பார்த்திருக்கிறோம். முதல் படிக்குத் திரும்புங்கள்.

கடைசி மருந்துக்கு மறுநாள் பாதித் தண்ணீரை மருந்தில்லாமல் மாற்றுங்கள். அதற்கடுத்த நாளும் பாதி. அலசிய கார்பனை ஒரு வலைப்பையில் கட்டி ஏர் ஸ்டோன் மேல் ஓரிரவு தொங்கவிட்டால் மீதியையும் இழுத்துவிடும். அந்தக் கார்பனைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

மீனைச் சாயங்காலம், விளக்கை அணைத்த பிறகு, வலையில் எடுத்துப் பெரிய தொட்டியில் விடுங்கள். டப்புத் தண்ணீரைச் சேர்த்து ஊற்ற வேண்டாம். இருட்டில் விட்டால் மற்ற மீன்கள் அதைத் துரத்துவது குறையும், விடிவதற்குள் அதுவும் ஓர் இடம் பிடித்துவிடும்.

11. நீலத் தண்ணீரும் கறையும்

கார்பன் போட்டுத் தெளிந்த தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். கிணறு, குளம், ஏரிக்குப் போகும் மழைநீர்க் கால்வாய், கீரைப் பாத்தி, இவற்றில் எதிலும் ஊற்றக் கூடாது. அங்கேயும் நல்ல பேக்டீரியா, நத்தை, தவளைக்குஞ்சு எல்லாம் இருக்கின்றன. இந்த மருந்து அலங்கார மீனுக்கு மட்டுமே. சாப்பிடுவதற்காக விரால், திலேப்பியா வளர்ப்பவர்கள் இதைத் தொட வேண்டாம்.

தரையில் சிந்தினால் தேய்க்காமல் முதலில் தாளால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். மொசைக் தரையில் பிளீச்சிங் பவுடர் கரைசல் கறையை வெளுக்கும், ஆசிட்டோடு மட்டும் அதைக் கலந்துவிடாதீர்கள். காலி டப்பையும் அதே கரைசலில் கழுவலாம், பிறகு பல முறை அலசி, குளோரின் போக்கும் மருந்து கலந்த நீரில் ஒரு முறை அலசி, வெயிலில் காயவைக்க வேண்டும். வலையையும் டியூபையும் இனி சிகிச்சைக்கென்றே தனியாக வைத்துவிடுங்கள்.

புட்டியை இறுக மூடி, கருப்புக் கவரில் சுற்றி வையுங்கள். கவரின் மேல் வாங்கிய தேதியையும், "1 மி.லி. = 10 மி.கி., 20 லிட்டருக்கு 4 மி.லி." என்று உங்கள் புட்டிக்கான கணக்கையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டில் வேறு யாராவது அதை எடுக்க நேரலாம்.